படியில் காற்று, தராசில் தண்ணீர்

என் வலது கை முறிந்ததற்குக் காரணம் ஒரு குரங்கு என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கிருத்திகைக்கு மலைக்குப் போய்விட்டு வண்டியில் இறங்கி வந்துகொண்டிருந்தோம். வளைவில் ஒரு குரங்கு உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்துப் பதறி இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார். குரங்கு இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. நான்தான் நகர்ந்தேன், வண்டியிலிருந்து தரைக்கு. மணிக்கட்டில் எலும்பு விட்டுப்போய் முழங்கைவரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

வேறு மாதமாக இருந்திருந்தால் கட்டிலில் சாய்ந்துகொண்டு, இவர் சமைக்கிற அழகை வேடிக்கை பார்த்திருப்பேன். ஆனால் தீபாவளி வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பட்டாசும் புதுத்துணியும் அப்புறம்தான். முதலில் கேதார கௌரி நோன்பு. நோன்பு என்றால் தட்டில் இருபத்தோரு அதிரசம். கடையில் வாங்கினது ஆகாது. வீட்டில் சுட்டது, உடையாமல் பிரியாமல் முழுசாக இருக்க வேண்டும்.

போன தீபாவளிக்கு எனக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நோன்பு விட்டுப்போனது. எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு வருஷம் விட்டால் சாமி பொறுத்துக்கொள்ளும். அடுத்த வருஷமும் விட்டால் அந்த வீட்டில் நோன்பு நின்றுபோனதாக அர்த்தம். மறுபடி வேண்டுமென்றால், நோன்பு நடக்கிற பங்காளி வீட்டுக்குத் தட்டோடு போக வேண்டும். அவர்கள் ஏற்றின விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, அவர்கள் கையால் நோன்புக் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். எங்களுக்கு இருக்கிற ஒரே பங்காளி வீடு என் கொழுந்தன் தணிகைமணியின் வீடு. பின் தெருவில், எங்கள் தோட்டத்துச் சுவரை ஒட்டினாற்போல இருக்கிறது. அந்த வீட்டை ஆள்கிறவள் என் ஓரகத்தி யோகலட்சுமி.

யோகலட்சுமி புத்தூர்ப் பக்கத்துப் பெண். வாய் கொஞ்சம் நீளம். என் வாயும் குட்டையில்லை என்று இவர் சொல்வார், அதை விடுங்கள். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நோன்புக்கு மறுநாள், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். நர்ஸ், பக்கத்துக் கட்டில் நோயாளி, அவர்களைப் பார்க்க வந்த கூட்டம் எல்லாரும் கேட்கும்படி, "கவலைப்படாதக்கா, அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கு வந்து நோன்பெடுத்துக்க" என்றாள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து வருஷம் முழுக்க அவள் வாசலில் நான் தட்டோடு நிற்பதுபோலவும், "வாக்கா, நோன்பெடுக்க வந்தியா?" என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்பதுபோலவும் அடிக்கடி மனசுக்குள் ஓடும். ஓடும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது தீய்ந்துபோகும்.

ஆகவே அதிரசம் நடந்தே தீர வேண்டும். கை என்னுடையது, ஒடித்தவர் அவர். அதனால் செய்ய வேண்டியவரும் அவர்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். குரங்குப் பேச்சை எடுக்காமல் ஒப்புக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் பரந்தாமனைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். பஜாரில் நூல் கடை வைத்திருக்கிறார். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்குகிற தொழில். நூல் எடை போட்டு வாங்குகிற சரக்கு. ஈரக்காற்றில் வைத்திருந்தாலே எடை ஏறிவிடும். வேண்டுமென்றே ஈரம் ஏற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. ஒருதரம் ஏஜென்ட் ஒருவர் கொண்டுவந்த நூல் கோன்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாயா, நூலுக்குக் காசா, தண்ணிக்குக் காசா?" என்று கேட்டு, அவற்றை மொட்டைமாடி வெயிலில் நாள் முழுக்கக் காயவைத்தார். அந்த ஏஜென்டைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார். சாயங்காலம் மறுபடி எடை போட்டுக் காட்டி, குறைந்த எடைக்குத்தான் பணம் கொடுத்தார். இதைக் கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் சொல்வார். சாயப்பட்டறைக்கு நூல் அனுப்பினாலும் அப்படித்தான். அனுப்பின எடையை நம்ப மாட்டார். திரும்பி வந்து, காய்ந்து, தன் தராசில் ஏறின எடைதான் அவருக்குக் கணக்கு.

அப்படிப்பட்டவர் என் அடுக்களைக்குள் கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒட்டியிருந்த பஞ்சையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து மேடையில் வைத்தார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"சும்மா இரு வள்ளி. அரிசி எவ்ளோ, வெல்லம் எவ்ளோ, அத்த மட்டும் சொல்லு."

"ஒண்ணரைப் படி பச்சரிசி. படிக்கு ஒரு கிலோ வெல்லம்."

இவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியார் தப்புக் கணக்கைப் பார்க்கிற பார்வை.

"இது இன்னா கணக்கு? அரிசி படியில, வெல்லம் கிலோவுலயா? ரெண்டும் எப்படி ஒண்ணா சேரும்?"

"இத்தினி வருஷமா சேர்ந்துகினுதான் இருக்குது. தின்னுகினுதான் இருக்கிறீங்க."

"படின்றது ஒரு அளவா? குலுக்கிப் போட்டா ஒண்ணு, குலுக்காம போட்டா ஒண்ணு. உள்ள பாதி காத்து. காத்துக்கெல்லாம் வெல்லம் போடுவியா?"

சொன்னதோடு நிற்காமல், என் இரும்புப் படியில் அரிசியைத் தலைதட்டி நிரப்பி எடை போட்டார். ஒரு கிலோ முந்நூறு கிராம் இருந்தது. தினசரிப் பேப்பர் ஓரத்தில் பெருக்கி வகுத்தார். ஒன்றரைப் படி என்றால் ஏறக்குறைய இரண்டு கிலோ. வெல்லம் கிலோவுக்கு முக்கால் கிலோ, கொஞ்சம் மேலே. தப்பு சொல்ல முடியாது. கணக்கு சரிதான். என் படிக் கணக்கு கிராமில் எழுதிப் பார்த்தாலும் அழகாகவே இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு கிலோ அரிசியைக் கழுவி ஊறவைத்தார். வடித்தார். மின்விசிறிக்குக் கீழே தன் வெள்ளை வேட்டியை விரித்து அதில் பரப்பினார். அதிரசத்துக்கு அரிசி முழுசாகக் காயக் கூடாது. கையில் பிடித்தால் குளிர்ச்சியாக ஒட்ட வேண்டும், அந்தப் பக்குவத்தில் அரைக்க வேண்டும். அதை நான் நாற்காலியிலிருந்து இடது கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சொன்னேன். பிறகு சற்குணத்தின் மாவு மில்லுக்கு எடுத்துப்போனார்.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல். டப்பாவைத் தராசில் வைத்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ரெண்டு கிலோ குடுத்தேன். ரெண்டு கிலோ அறுநூறு வந்திருக்குது! சற்குணத்துக்குத் தீபாவளி கும்பல்ல யார் மாவோ கலந்துடுச்சுபோல. மில்லுன்னு பேர் வெச்சவன் எவனும் எனக்கு இதுவரைக்கும் கூடக் குடுத்ததே இல்ல வள்ளி."

"யார் மாவோ கலந்ததுன்னா திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"கேட்டேன். ஒருத்தரும் குறையுதுன்னு சொல்லலையாம். போகட்டும், மலைமேல இருக்கறவன் குடுத்தான்னு வெச்சுக்கோ."

அந்தச் சந்தோஷத்தில் தம்பிக்கு வேறு போன் போட்டார். "டேய் தணிகை, யோகலட்சுமிகிட்ட சொல்லு. படியெல்லாம் நம்பாதீங்க. மாவு அரைச்சு வந்ததும் எடை போடுங்க, அந்த எடைக்குக் கிலோவுக்கு முக்கால் கிலோ வெல்லம். ஆங், ஆங், சயின்ஸ்டா இது!" என்று பத்துத் தெருவுக்குக் கேட்கிறமாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். யோகலட்சுமிக்கு இலவச ஆலோசனை எதற்கு என்ற எரிச்சலில் நான் அந்தக் கணக்கைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வெல்லத்தைக் கடையிலேயே தட்டி, பாத்திரத்தில் கொண்டுவந்துவிட்டார். பார்க்கக் கொஞ்சம் கூடத் தெரிந்தது. மாவும் கூடத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். பாகு காய்ச்சும்போது அடுப்பை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டினால் மெத்தென்று திரள்கிற பதத்தில் இறக்கச் சொன்னேன். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைக் கொட்டிக் கிளறினார். வேர்வை முதுகில் வழிய வழியக் கிளறினார். மாவு கொஞ்சம் தளர்வாகத்தான் இருந்தது. பாகு மாவு ஊற ஊற இறுகும், அது வழக்கம். மேலே நெய் தடவி மூடிவைத்தோம்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை ஒன்றே ஒன்று சுட்டுப் பார்க்கலாம் என்று அடுப்பை மூட்டினோம். வாழையிலைத் துண்டில் நெய் தொட்டு வட்டமாகத் தட்டினார். எங்கள் வீட்டில் அதிரசம் சுடும்போது யாரும் வாய் திறக்க மாட்டோம். கண் பட்டுவிடும் என்று பயம். இவரும் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணெயில் நழுவவிட்டார்.

அது கீழே போனது. மேலே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜல்லிக்கரண்டியை விட்டார். கரண்டியில் ஒன்றும் ஏறவில்லை. எண்ணெய் முழுக்கப் பழுப்பு மணலாக மாவு பிரிந்து, நுரை கட்டி, வெல்லம் கருகுகிற வாடை வந்தது.

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், சத்தமாக, முந்தானையை ஒரு கையால் எடுக்கத் தெரியாமல் அழுதேன். பதம் பார்த்தது நான்தானே. போன வருஷம் நானே விட்டேன், இந்த வருஷம் என் கண் முன்னாலேயே போயிற்று. யோகலட்சுமியின் வாசலும் அவள் சிரிப்பும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

இவர் அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நீ பதம் சரியாத்தான் பார்த்த வள்ளி. நானும் எடை போட்டுதான் போட்டேன். எங்க தப்பாச்சுன்னே தெரியல."

"இன்னா எடை போட்டீங்க?"

"ரெண்டு கிலோ வெல்லம். கிராம் பிசகல."

அழுகை நின்றுவிட்டது. "ரெண்டு கிலோ அரிசிக்கு ஒண்ணரைக் கிலோதானே வரும்?"

"அரிசிக்கு இல்ல. வந்த மாவுக்கு. ரெண்டு கிலோ அறுநூறுக்குக் கணக்குப் போட்டேன். வந்த எடைக்குத்தானே எப்பவும்..."

அவர் அங்கேயே நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் புருவம் ஏறியது. பிறகு வாய் திறந்தது. பிறகு தலை மெதுவாகத் தராசுப் பக்கம் திரும்பியது.

"ஊற வெச்ச அரிசி," என்றார் மெல்லிய குரலில்.

"ஆங்."

"ஈர மாவு."

"ஆங்!"

"அந்த அறுநூறு கிராம்..."

"தண்ணி!" என்றேன். "மலைமேல இருக்கறவன் ஒண்ணும் குடுக்கல. நீங்க ஊத்தின குழாத் தண்ணி! ஏஜென்டை மாடியில உக்கார வெச்சு மோர் குடுத்த ஆளு, தண்ணிய எடை போட்டு அதுக்கு வெல்லம் போட்டிருக்கிறீங்க. என் படியில காத்து இருக்குதுன்னீங்களே, உங்க தராசுல தண்ணி இருக்குதே, அத்த இன்னா பண்றது?"

இப்படி ஒரு வாய்ப்பு எனக்கு இனி எந்தக் காலத்திலும் கிடைக்காது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் பேசினேன். கண்ணில் தண்ணீர் காயவில்லை, அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். காலையில் கருகின எண்ணெய் வாடைக்கு நடுவில் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கினதும் கணக்கு பார்த்தோம். வெல்லம் கூடிவிட்டது. எடுக்க முடியாது. மாவைத்தான் கூட்ட வேண்டும். எவ்வளவு? "அரைப்படி அரிசி ஊற வெச்சு அரைச்சா போதும்" என்றேன், மாவைத் தொட்டுப் பார்த்து. இவர் தினசரி ஓரத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் பெருக்கிவிட்டு, "ரெண்டு கிலோ அறுநூறு அரிசிக்கான வெல்லம் உள்ள இருக்குது. போட்ட அரிசி ரெண்டு கிலோ. ஆக, எவ்ளோ தண்ணிக்கு வெல்லம் போட்டேனோ அவ்ளோ எடைக்கு அரிசி வேணும். அறுநூறு கிராம்" என்றார். நான் அரைப்படி அரிசியைத் தலைதட்டி அளந்து அவர் தராசில் கொட்டச் சொன்னேன். அறுநூற்று ஐம்பது காட்டியது.

"அம்பது கிராம் அதிகம்," என்றார்.

"அது காத்து. விடுங்க," என்றேன். அரிசியை அள்ளிக்கொண்டு ஊறவைக்கப் போனார்.

மத்தியானம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் வண்டியில் ஏறினேன். தனியாக அனுப்ப மனசில்லை. சற்குணத்தின் மில்லில் கூட்டம் வாசல்வரை நின்றது. கடலை மாவு, முறுக்கு மாவு என்று ஆளுக்கொரு டப்பா. வரிசையில் சேர்ந்து நிமிர்ந்தால், எனக்கு முன்னால் நிற்பவள் யோகலட்சுமி. அவள் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா, மேலே துணி மூடி. பக்கத்தில் என் கொழுந்தன் தணிகைமணி, எங்கேயாவது ஓடிப்போகலாமா என்பதுபோல நின்றுகொண்டிருந்தார்.

அவள் டப்பாவைச் சட்டென்று பின்னால் மறைத்தாள். நான் என் டப்பாவை முந்தானைக்குள் தள்ளப் பார்த்தேன். மாவுக்கட்டுக் கையோடு அது நடக்கிற காரியமா?

"இன்னாக்கா, கைக்கட்டோட இங்க வந்துகினு?" என்றாள்.

"முறுக்கு மாவு. உன்னுது?"

"எங்களுதும் முறுக்குதான்," என்றாள் வேகமாக.

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எங்கள் முறை வந்தது. சற்குணம் தலையெல்லாம் மாவோடு வந்து, அவள் டப்பாவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். அடுத்து என் டப்பாவையும் திறந்தார்.

"முறுக்குக்கு எந்த ஊர்ல ஈர அரிசி அரைக்கறாங்க? அதுவும் ரெண்டு வீட்லயும் ஒரே மாதிரி அரைப்படி?" என்று மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார். "அதிரசம் பிரிஞ்சுடுச்சாம்மா? எங்க வீட்டுக்காரி மார்கரெட்டுக்கும் ஒரு கிறிஸ்துமசுக்கு இப்படித்தான் ஆச்சு!"

யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாத வார்த்தையை மில் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். வரிசையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. நான் யோகலட்சுமியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"உனக்குமா?" என்றேன்.

"பெரியவரு கணக்குக்கா," என்றாள். குரல் அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் இருந்தது. "'அண்ணன் சொல்லிட்டாரு, இது சயின்ஸ்'னு சொல்லி, வந்த மாவை எடை போட்டு வெல்லத்தை இவரே கொட்டினாரு. நான் சொன்னேன், படிக்கு ஒரு கிலோதான்னு. கேட்டாத்தானே! காலையில எண்ணெயில போட்டேன், கரைஞ்சே போச்சு. " பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, மச்சானைத் தன் ஊர்த் தெலுங்கு வழக்கில் கூப்பிட்டு, "பாவா, இன்னா பாவா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றாள்.

என் வீட்டுக்காரர் குரங்கைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்ததும் மூடிக்கொண்டார். நூல் எடை பார்த்தே வளர்ந்த அண்ணனும் தம்பியும், ஒரே பழக்கத்தால் ஒரே குழியில் விழுந்து, இரண்டு வீட்டு நோன்பையும் தண்ணீரில் கரைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யோகலட்சுமிக்கும் வந்தது. வரிசையே எங்களோடு சேர்ந்து சிரித்தது.

சற்குணம் மட்டும் சிரிக்காமல் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "சிரிக்கறது இருக்கட்டும். அரைப்படியெல்லாம் தனியா ஓட்ட முடியாதுங்க. கல்லுலயும் பையிலயுமே ஒட்டிக்கினு போயிடும். குறைஞ்சது ஒரு படியாச்சும் வேணும். ரெண்டையும் ஒண்ணா கொட்டிடட்டுமா?"

சிரிப்பு நின்றது. என் நோன்பு அரிசி அவள் அரிசியோடு சேர்வதா? சேர்ந்தால் அவள் வீட்டிலிருந்து எடுத்ததாக ஆகுமா, ஆகாதா? அந்த நேரத்திலும் என் புத்தி அங்கேதான் போயிற்று. யோகலட்சுமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாக்கா?" என்றாள் திடீரென்று, குரலைத் தணித்து. "வீடு பிரிஞ்சதுலருந்து நோன்பன்னிக்கு உன் வீட்டு மணிச் சத்தம் தோட்டத்துச் சுவர்மேல வரும். அத்தக் கேட்டுதான் நானும் கற்பூரம் ஏத்துவேன். ரெண்டு வீட்லயும் ஒண்ணா நடக்குதுன்னு ஒரு இது. போன வருஷம் சத்தமே இல்ல. எப்போ ஏத்தறதுன்னே தெரியாம விளக்கு முன்னாடி ரொம்ப நேரம் உக்கார்ந்துகினு இருந்தேன். அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில சொன்னேன், அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கே வந்துடுன்னு. நீ மூஞ்ச திருப்பிக்கினே."

ஒரு வருஷம் முழுக்க நான் மனசுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்த வார்த்தை, அவள் தனியாக உட்கார்ந்திருந்த வருத்தத்தில் சொன்ன வார்த்தை. பாவி, அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? ஊரே கேட்கக் கத்திச் சொன்னால் யாருக்குத்தான் புரியும்? அவள் மேல் கோபமும் பாசமும் ஒரே நேரத்தில் வந்தன.

"கொட்டு," என்றேன் சற்குணத்திடம். என் டப்பாவை இடது கையால் தூக்க முடியவில்லை. யோகலட்சுமி ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு அரிசியும் ஒன்றாக மிஷினுக்குள் போயின.

மாவு வந்ததும் என் வீட்டுக்காரர் மில் தராசைப் பார்த்தபடி, "சரிபாதியா எடை போட்டு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க தள்ளி நில்லுங்க!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். யோகலட்சுமி கையாலேயே அள்ளிப் போட்டாள். எனக்கு ஒரு பிடி, அவளுக்கு ஒரு பிடி. எனக்குப் போட்ட பிடியெல்லாம் குவித்து இருந்தது, அவளுக்குப் போட்டுக்கொண்டது தட்டி இருந்தது. நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அடுப்பு மூட்டினோம். புது மாவு சேர்ந்து இரவு முழுக்க ஊறி, மாவு கையில் எடுத்தால் நெய்யோடு உருண்டு வந்தது. இவர் ஒவ்வொரு உருண்டையையும் தராசில் வைத்து, எல்லாம் ஒரே எடையா என்று பார்த்துப் பார்த்துத் தட்டினார். தடுக்கலாமா என்று நினைத்தேன். பாவம், ஆசைக்கு விட்டுவிட்டேன். முதல் அதிரசம் எண்ணெயில் போனது. கீழே போனது. பிறகு அது மெதுவாக மேலே வந்து, உப்பி, ஓரம் சிவந்து, முழு வட்டமாக மிதந்தது. வாய் திறக்கக் கூடாது என்பதால் இவர் ஜல்லிக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களையிலேயே ஒரு சுற்று ஆடினார். இந்த வயசில் இவர் ஆடி நான் பார்த்ததில்லை. நான் மாவுக்கட்டால் மேடையைத் தட்டித் தாளம் போட்டேன். வலித்தது, பரவாயில்லை.

இருபத்தொன்றும் முழுசாக வந்தன. அதற்கு மேலும் வந்தன. ஒன்றுகூடப் பிரியவில்லை. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கின மகன் சந்திரமோகன் தட்டைப் பார்த்துவிட்டு, "எந்தக் கடைம்மா? எல்லாம் ஒரே சைஸ்ல இருக்குது" என்றான். அவன் அப்பா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரம். என் நோன்பு என் வீட்டிலேயே பத்திரமாக இருந்தது. தட்டில் அதிரசம், வெற்றிலை, மஞ்சள், கயிறு எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. யார் வாசலுக்கும் நான் போக வேண்டியதில்லை. மணியைக் கையில் எடுத்தேன். தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அடிக்க மனம் வரவில்லை.

"தட்டைத் தூக்குங்க," என்றேன் இவரிடம்.

"எங்க?"

"பின் தெருவுக்கு."

இவர் தட்டோடு முன்னால் நடந்தார். நான் மணியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தெருவில் பசங்கள் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். யோகலட்சுமியின் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் தட்டு. அவள் அதிரசம் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, ஆனால் எல்லாம் முழுசாக இருந்தன. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். என் தட்டைப் பார்த்தாள், அதில் இருந்த இருபத்தொன்றையும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தாள்.

"வாக்கா," என்றாள், தெருவே கேட்கும்படி. "நோன்பெடுக்க வந்தியா?"

"ஆங்," என்றேன், அவளைவிடச் சத்தமாக. "எடுக்கத்தான் வந்தேன். நகர்ந்து இடம் குடு."